கம்பியக்காவும் பித்த வாசலும்

"ஆ காட்டு கண்ணு... ஆ காட்டு. அப்படித்தான். இன்னும் கொஞ்சூண்டு."

கம்பியக்கா இதைச் சொல்வது நோயாளியிடம் அல்ல. அவர் மயக்க ஊசியில் குப்புறப் படுத்துத் தூங்குகிறார். டாக்டரிடமும் அல்ல. டாக்டர் வாய் திறக்கவே யோசிக்கிற ஆள். கம்பியக்கா பேசுவது சுவரில் மாட்டியிருக்கும் திரையோடு. அங்கே ரோஜா நிறத்தில், ஈரமாக, மடிப்பு மடிப்பாக ஒரு குடல் சுவர் தெரிகிறது. அதில் பட்டாணி அளவுக்கு ஒரு மேடு. மேட்டின் நுனியில் ஊசி குத்தினாற்போல ஒரு புள்ளி. அந்தப் புள்ளிதான் வாசல். கல்லீரலிலிருந்து பித்தநீர் இறங்கி வந்து குடலில் சேரும் ஒரே வாசல். அது திறப்பதற்காகத்தான் அறையில், இவரைப் பற்றிக் கட்டுரை எழுத வந்த என்னையும் சேர்த்து, நாலு பேர் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறோம்.

திடீரென்று அந்தப் புள்ளி கொட்டாவி விடுவது போல லேசாக விரிகிறது. மஞ்சளும் பச்சையும் கலந்து ஒரு சொட்டு எட்டிப் பார்க்கிறது. "வந்துட்டியா தங்கம்" என்றபடி கம்பியக்கா இரண்டு விரல்களால் கம்பியை உள்ளே தள்ளுகிறார். நூலைவிடக் கொஞ்சம் தடிமனான கம்பி. வாயில் நுழைந்து, இரைப்பையைத் தாண்டி, அந்தப் புள்ளிக்குள் புகுந்து, பித்தக் குழாயில் மேலே ஏறுகிறது. வாய் வழியாக இறக்கியிருக்கும் கேமராக் குழாயின் மறுமுனை டாக்டர் கையில். கம்பியின் மறுமுனை இவர் கையில். ஆஸ்பத்திரியில் இருபத்திரண்டு வருடமாக இவருக்குக் கம்பியக்கா என்று பெயர். சம்பளப் பதிவேட்டில் இருக்கும் பெயரைச் சொன்னால் வாசல் காவலாளிக்கே தெரியாது.

"எல்லாரும் ஒரு தடவை கம்பி நீட்டுவாங்க, காணாமப் போயிடுவாங்க. நான் தினம் கம்பி நீட்டிட்டு, மறுநாள் காலையில எட்டு மணிக்குக் கரெக்டா வந்து நிக்கிறேன்" என்பார். இந்த நகைச்சுவையை நானே பத்துத் தடவை கேட்டிருக்கிறேன். பத்தாவது தடவையும் அவர்தான் முதலில் சிரித்தார்.

வயது ஐம்பத்தொன்று. குட்டை. அந்த அறையில் எக்ஸ்ரே ஓடுவதால் கழுத்திலிருந்து முழங்கால் வரை ஈயக் கவசம் மாட்டிக்கொள்ள வேண்டும். இடுப்பில் ஒரு பிள்ளையைத் தூக்கி வைத்துக்கொண்ட மாதிரி கனம். ஒரு நாளைக்கு ஐந்தாறு மணி நேரம் அதோடு நின்று நின்று அவருக்கு நடுமுதுகு போய்விட்டது. கையை மட்டும் பார்த்தால் வயது தெரியாது. சமையலறையில் ஊறுகாய்ப் புட்டியின் மூடியைத் திறக்கக் கணவரைக் கூப்பிடுவார். இங்கே மில்லிமீட்டர் கணக்கில் கம்பியை முன்னே பின்னே நகர்த்துவார்.

டாக்டர் குழாய் நுனியால் அந்த மேட்டைத் தொடும் ஒவ்வொரு தடவையும் இவர் வாய்க்குள் எண்ணுவார். ஐந்தாவது தடவையும் வாசல் திறக்கவில்லை என்றால், "டாக்டர், கொஞ்சம் தண்ணி குடிச்சிட்டு வாங்களேன்" என்பார். டாக்டருக்குத் தாகம் எடுத்திருக்காது. ஆனாலும் கையை எடுத்துவிடுவார். பித்தக் குழாயும் கணையத்திலிருந்து வரும் குழாயும் சேர்ந்துதான் அந்த ஒரே வாசலுக்கு வருகின்றன. அவசரப்பட்டுக் குத்தினால் பக்கத்து வீட்டுக்காரனான கணையம் வீங்கிக்கொண்டு உயிரை வாங்கிவிடும். "தட்டினா திறக்கிற கதவு இல்ல சார் அது. அதுவா திறக்கும். திறக்கிறப்போ நாம வாசல்ல இருக்கணும், அவ்வளவுதான்."

அந்த வாசலைப் பற்றி அவர் பேச ஆரம்பித்தால் பேருந்து நிறுத்தம் தாண்டிப் போய்விடும். பித்தக் குழாய்க்குப் பெரிதாகத் தசையே கிடையாதாம். "சும்மா ரப்பர் மாதிரி. உள்ள அழுத்தம் வந்தா விரியும், போனா சுருங்கும். பாவம், அதுக்குன்னு சொந்தமா ஒரு முடிவும் இல்ல." முடிவெடுப்பவர்கள் இருவர். மேலே பித்தப்பை. கீழே, குழாய் குடலில் சேரும் இடத்தில், விரல் நகத்தின் நீளம்கூட இல்லாத ஒரு வளையத் தசை. கல்லீரல் ராத்திரி பகல் பார்க்காமல் பித்தநீரைச் சுரந்துகொண்டே இருக்கிறது. ஏறக்குறைய முக்கால் லிட்டர், தினமும். நாம் எதுவும் சாப்பிடாதபோது வளையத் தசை இறுக்கிப் பிடித்துக்கொள்ள, நீர் திரும்பிப் போய்ப் பித்தப்பையில் தங்குகிறது. வெண்ணெயோ முட்டையோ குடலுக்குள் வந்தவுடன் ரத்தத்தில் ஒரு சேதி போகிறது. ஒரே சேதிதான். அதைக் கேட்டுப் பித்தப்பை சுருங்குகிறது. அதையே கேட்டு வளையத் தசை தளர்கிறது.

"ஒரே சத்தத்துக்கு ஒருத்தர் இறுக்கணும், ஒருத்தர் விட்டுக்கொடுக்கணும். எங்க வீட்ல அது நடக்குமா சொல்லுங்க?"

ஆகவே அவரோடு உட்கார்ந்து சாப்பிடுவது ஒரு தனி அனுபவம். மதியம் ரொட்டியில் வெண்ணெய் தடவி ஒரு வாய் வைத்துவிட்டு, சுவர்க் கடிகாரத்தைப் பார்ப்பார். பதினைந்து நிமிடம் கழித்து, வேறு ஏதோ பேச்சுக்கு நடுவே, "இப்ப சுருங்குது" என்பார். யாராவது, பித்தம் தலைக்கேறிவிட்டது என்று சொன்னால் பொறுக்க மாட்டார். "தலைக்கெல்லாம் ஏறாதுங்க. அதுக்கு வழி ஒண்ணே ஒண்ணுதான், கீழ." பெற்ற மனம் பித்து, பிள்ளை மனம் கல்லு என்பதற்கும் அவரிடம் திருத்தம் உண்டு. "பித்தைப் போட்டு வச்சா அதுவே கல்லாயிடும். ரெண்டும் ஒண்ணுதான்."

இன்னொரு பழக்கம், யாரைப் பார்த்தாலும் முகத்தைப் பார்ப்பதற்கு முன்னால் கண்ணின் வெள்ளையைப் பார்ப்பது. நான் அவர் கையில் அகப்பட்டதே அப்படித்தான். நாங்கள் இருப்பது ஒரே அடுக்குமாடிக் கட்டடம். அவர்கள் இரண்டாவது மாடி, நான் மூன்றாவது. மூன்று வருடம் முன்பு ஒரு காலை, படிக்கட்டில் வணக்கம் சொன்ன என்னை அப்படியே ஜன்னல் பக்கம் திருப்பி நிறுத்தினார்.

"சார், கீழ பாருங்க. ம். எத்தனை நாளா ஒண்ணுக்குக் கறுப்பு டீ கலர்ல போகுது?"

பின்னால் முதல் மாடி அம்மா பால் பாத்திரத்தோடு நின்றுகொண்டிருந்தார். நான் காமாலைக் கண்ணுக்குக் கண்டதெல்லாம் மஞ்சளாகத் தெரியும் என்ற பழமொழியைச் சொல்லிச் சமாளிக்கப் பார்த்தேன். "அதைச் சொன்னவன் ஒரு காமாலைக்காரனைக்கூடப் பார்த்திருக்க மாட்டான். உங்களுக்கு இப்ப நான் மஞ்சளாவா தெரியுறேன்? கிளம்புங்க." அன்று மாலையே என் பித்தக் குழாயிலிருந்து ஒரு கல்லை வெளியே எடுத்தார்கள். மயக்கம் வருவதற்கு முன் நான் கேட்ட கடைசிச் சொல் "ஆ காட்டு கண்ணு". என்னைத்தான் சொல்கிறார் என்று நினைத்து வாயைத் திறந்தேன்.

இப்படிப்பட்டவருக்குத் தன் வீட்டுக்குள் இருந்த ஒரு வலி மட்டும் நாலு வருடம் கண்ணில் படவில்லை. அதை எழுதலாமா என்று நான் தயங்கினேன். "என்னைப் பத்தி எழுதினா அதையும் எழுதணும். இல்லைன்னா ஒண்ணும் எழுதாதீங்க" என்று சொல்லிவிட்டார். சம்பந்தப்பட்ட இன்னொருவரும் சரி என்றார்.

அந்த இன்னொருவர் அவருடைய நாத்தனார். கணவரின் தங்கை. வயது நாற்பத்து மூன்று. மணவாழ்க்கை ஒத்துவராமல் அண்ணன் வீட்டுக்கு வந்து ஒன்பது வருடம் ஆகிறது. எங்கள் தெருமுனை பேக்கரியில் கேக்குக்குக் கிரீம் பூ வைப்பவர். ஒல்லி, பேச்சு குறைவு, பேசினால் ஒரே வாக்கியத்தில் எதிராளியை உட்கார வைத்துவிடுவார். கம்பியக்காவுக்கும் அவருக்கும் சண்டை என்று ஒன்றும் பெரிதாக நடந்ததில்லை. துணி காயப்போடும் கொடியில் யாருக்கு எந்தப் பக்கம், ரேடியோ எவ்வளவு சத்தம், இதெல்லாம்தான். பள்ளி வேன் ஓட்டும் கணவர் இருவருக்கும் நடுவே மத்தளம். இரண்டு பக்கமும் அடி வாங்கி, வேனில் கத்தும் நாற்பது குழந்தைகளிடம் போய்த்தான் நிம்மதியாக மூச்சு விடுவார்.

நாலு வருடம் முன்பு நாத்தனாருக்குப் பித்தப்பையில் கற்கள் என்று பையையே எடுத்துவிட்டார்கள். நன்றாகத்தான் தேறினார். ஆனால் அதற்குப் பிறகு அவ்வப்போது ஒரு வலி. மேல்வயிற்றில் ஆரம்பித்து, முதுகுக்குப் போய், தோள்பட்டையில் ஏறி, ஒன்றிரண்டு மணி நேரம் ஆளைச் சுருட்டிப் போட்டுவிட்டு, வந்த வழியே போய்விடும். மூன்று நாள் கழித்து டாக்டரைப் பார்த்தால் ஸ்கேன் சரி, ரத்தம் சரி, இதயம் சரி.

கம்பியக்கா ஒரு விஷயத்தைக் கவனித்தார். வீட்டுக்கு உறவுக்காரர்கள் வரும் நாளில் வலி வருகிறது. பேக்கரியில் ஆர்டர் குவிந்த வாரத்தில் வருகிறது. சமையலறையில் வேலை மலைபோல இருக்கும்போது தவறாமல் வருகிறது. முதலில் தலைவலி என்பார். முக்கால் மணி நேரம் கழித்து வயிற்றுவலி என்பார். "இன்னைக்குத் தலை, அப்புறம் வயிறு, நாளைக்குக் கால். கம்பி கட்டுற கதை. எனக்கேவா?" என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை, பெரியப்பா, சித்தி, மச்சான் என்று கூடம் நிறைய ஆட்கள் இருக்கும்போது கம்பியக்கா சொன்னார். பக்கத்து அறையில் கதவு திறந்திருந்தது. நாத்தனார் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டிருந்தார். அன்றிலிருந்து குடும்பத்தில் அவர் வலிக்கு 'கதை' என்றே பெயராகிவிட்டது. "என்ன, இன்னைக்குக் கதை உண்டா?"

வலி வந்தால் யாரிடமும் சொல்லாமல் குளியலறையில் போய்த் தரையில் உட்கார்ந்துகொள்ளப் பழகிக்கொண்டதாக நாத்தனார் பிறகு என்னிடம் சொன்னார். "டைல்ஸ் சில்லுனு இருக்கும். கன்னத்தை வச்சுக்குவேன்."

சில மாதங்களுக்கு முன் ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஒரு தபால்காரரை அந்த அறைக்குக் கொண்டுவந்தார்கள். பித்தப்பை எடுத்த ஆள். விடிகாலையில் வயிற்றுவலி என்று வந்தவருக்கு எங்கோ வழியில் ஒரு கிளினிக்கில் பலமான வலி ஊசி போட்டிருக்கிறார்கள். வலி குறைவதற்குப் பதில் இரட்டிப்பாகிவிட்டது. பேசாத டாக்டர் அன்று பேசினார்.

"அபின் வகை மருந்து எதுவா இருந்தாலும் இந்தத் தசையை இறுக்கும். பித்தப்பை இருந்தா அழுத்தம் அங்க போய்த் தங்கிக்கும். இவருக்குத்தான் பை இல்லையே. குழாய்க்குள்ளேயே அடைச்சு நிக்குது. ஊசியிலதான்னு இல்ல, சில வலி மாத்திரை, இருமல் மருந்துலகூட இருக்கு. கோடீன்."

இது கம்பியக்காவுக்குத் தெரியாத விஷயம் இல்லை. புதிதாக வரும் நர்ஸ்களுக்கு அவரே இதைச் சொல்லிக்கொடுத்திருக்கிறார். ஆனால் அன்று அந்தக் கடைசிச் சொல்லைக் கேட்டதும் கம்பியைப் பிடித்திருந்த கை நின்றுவிட்டது. டாக்டர் திரும்பிப் பார்த்தார். "ஒண்ணுமில்ல டாக்டர்" என்று தொடர்ந்தார்.

மாலையில் நேராக என் வீட்டுக்கு வந்தார். கைப்பையிலிருந்து ஒரு மாத்திரை அட்டையை எடுத்து என்னிடம் நீட்டினார். "கண்ணாடி கொண்டுவரல. பின்னாடி சின்ன எழுத்துல என்ன போட்டிருக்குன்னு படிங்க."

படித்தேன். இரண்டு மருந்துகளின் பெயர் இருந்தது. இரண்டாவது கோடீன்.

ஈயக் கவசம் கெடுத்த முதுகுக்காக எலும்பு டாக்டர் அவருக்கு எழுதிக் கொடுத்த மாத்திரை அது. வீட்டில் எல்லோருக்கும் அது 'முதுகுவலி மாத்திரை'. உறவுக்காரர்கள் வந்து வீடு சந்தைக்கடையாகும் நாளிலும், பத்து மணி நேரம் குனிந்து கிரீம் பூ வைத்த நாளிலும் நாத்தனாருக்குத் தலை வலிக்கும். "அண்ணி, தலை வெடிக்குது" என்பார். கம்பியக்கா டப்பாவைத் திறந்து, "இந்தா, இதைப் போட்டுக்கிட்டுப் படு" என்று ஒன்றைக் கொடுப்பார். முக்கால் மணி நேரத்தில் வயிற்றில் ஆரம்பிக்கும்.

"நாலு வருஷம் சார். நான்தான் குடுத்திருக்கேன். என் கையால." நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார். "குடுத்துட்டு, நடிக்கிறான்னு நானே ஊரெல்லாம் சொல்லியிருக்கேன்."

நான் ஏதோ சமாதானம் சொல்லத் தொடங்கினேன். கை காட்டி நிறுத்தினார். "ஒரு வழி இருக்கு. இந்த அட்டையைக் குப்பையில போட்டுட்டா, இனிமே வலி வராது. ஏன் நின்னுச்சுன்னு யாருக்கும் தெரியாது. அவளும் நிம்மதி, நானும் நல்லவளாவே இருந்துக்கலாம்." என் கையிலிருந்து அட்டையைத் திரும்ப வாங்கிக்கொண்டார். "சொல்லிடணும். இல்ல?"

"சொல்லிடுங்க" என்றேன்.

டப்பாவிலிருந்த மீதி அட்டைகளை அன்றே எடுத்துவிட்டார். சொல்வதுதான் நடக்கவில்லை. புதன்கிழமை நாத்தனார் சீக்கிரம் போய்விட்டார். வியாழக்கிழமை காலை, இருவரும் சமையலறையில் தனியாக இருந்தார்கள், கம்பியக்கா "இங்க பாரு..." என்று ஆரம்பித்து, "பால் காய்ச்சியாச்சா?" என்று முடித்துவிட்டார்.

அந்த வியாழக்கிழமை பதினொரு மணிக்கு பேக்கரி முதலாளியம்மா மூச்சிரைக்க என் மாடி ஏறி வந்தார். நாத்தனார் வேலை மேசையில் கவிழ்ந்து கிடந்தார். காலையிலிருந்து பல்வலி, எப்போதோ கம்பியக்கா கொடுத்து, போடாமல் கைப்பையில் வைத்திருந்த ஒரு மாத்திரை ஞாபகம் வந்து விழுங்கியிருக்கிறார். என் காரில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். வழி முழுக்க ஒரு சத்தம் போடவில்லை. சத்தம் போட்டால் கதை என்பார்களே. சீட்டின் விளிம்பைப் பிடித்திருந்த விரல்களில் மட்டும் வெள்ளைக் கிரீம் காய்ந்திருந்தது.

அவசரப் பிரிவில் ஓர் இளம் டாக்டர் இதயப் படம் எடுத்துப் பார்த்தார். அதில் கோளாறு இல்லை. "வலி தாங்க முடியாம இருக்காங்க. ஊசி எழுதியிருக்கேன், போட்டுடுங்க" என்று நர்ஸிடம் சொன்னார். நர்ஸ் ஊசி மருந்தை எடுக்கத் திரும்பினார்.

அப்போதுதான் கம்பியக்கா வந்தார். யாரோ மேலே தகவல் சொல்லியிருக்கிறார்கள். ஈயக் கவசத்தைக் கழற்றாமல் மூன்று மாடிப் படிகளை இறங்கி ஓடிவந்திருந்தார். கட்டிலுக்கும் நர்ஸுக்கும் நடுவே போய் நின்றார்.

"அந்த ஊசி வேண்டாம் டாக்டர்."

"நீங்க யாரும்மா?"

"மூணாவது மாடியில வேலை. இவங்களுக்குப் பித்தப்பை எடுத்திருக்கு. அபின் வகை எதுவும் குடுக்கக் கூடாது."

"சாதாரண வலின்னா விட்டுடலாம். பாருங்க எப்படித் துடிக்கிறாங்கன்னு." டாக்டர் கட்டில் பக்கம் குனிந்தார். "ஏம்மா, காலையில ஏதாவது மாத்திரை சாப்பிட்டீங்களா?"

"பல்வலிக்கு..." நாத்தனாருக்குப் பேச்சு விட்டுவிட்டு வந்தது. "அண்ணி குடுத்த மாத்திரை."

"எந்த அண்ணி? என்ன மாத்திரை?"

கம்பியக்காவின் முகம் போன போக்கை நான் பார்த்தேன். சுற்றிலும் அவரைத் தெரிந்த ஐந்தாறு நர்ஸ்கள், இரண்டு வார்டு ஊழியர்கள், நான்.

"நான்தான் அந்த அண்ணி" என்றார். "என் முதுகுவலிக்குக் குடுத்த மாத்திரை. அதுல கோடீன் இருக்கு. இன்னைக்கு மட்டும் இல்ல டாக்டர். நாலு வருஷமா நான்தான் குடுத்துக்கிட்டிருக்கேன். ஒவ்வொரு தடவையும் இதே வலி வந்திருக்கு. செவ்வாய்க்கிழமையே எனக்குத் தெரிஞ்சுபோச்சு. சொல்லல."

கட்டிலில் சுருண்டிருந்தவர் கண்ணைத் திறந்து அவரைப் பார்த்தார்.  அடுத்த வலி வந்து கண்ணை மூட வைத்தது.

இளம் டாக்டர் நல்லவர். வீம்பு பிடிக்காமல் தொலைபேசியை எடுத்து மூன்றாவது மாடி டாக்டரிடம் கேட்டார். பிறகு நாத்தனாரின் ரத்த அழுத்தத்தைப் பார்த்துவிட்டு, இதயக்காரர்களுக்குக் கொடுக்கும் ஒரு சின்ன மாத்திரையை நாக்கின் அடியில் வைத்தார். இறுகிய அந்தத் தசையையும் அது தளர்த்துமாம். கம்பியக்கா கட்டில் பக்கத்தில் நின்றபடி சுவர்க் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பன்னிரண்டு நிமிடம். நாத்தனாரின் மடங்கிய முழங்கால்கள் மெதுவாக நீண்டன. விரல்கள் படுக்கை விரிப்பை விட்டன. பெரிதாக ஒரு மூச்சு.

"விட்டுடுச்சு" என்றார் கம்பியக்கா, யாரிடம் என்றில்லாமல்.

மறுநாள் காலை ரத்தம் எடுத்தார்கள். இந்த வலி வந்த சில மணி நேரத்திலிருந்து ஓரிரு நாளுக்குள் பார்த்தால்தான் கல்லீரல் பட்ட பாடு தெரியும். தாமதித்தால் எல்லாம் பழையபடி ஆகிவிடும். இத்தனை வருடமும் தாமதித்துப் போனதால்தான் 'எல்லாம் சரி' என்று வந்திருக்கிறது. இந்தத் தடவை கல்லீரல் எண்கள் சாதாரண அளவைவிட நாலு மடங்கு. அந்தக் காகிதத்தைக் கம்பியக்காவே வாங்கிக்கொண்டு வார்டுக்கு வந்தார். நான் பிஸ்கட் பொட்டலத்தோடு அங்கே இருந்தேன்.

நாத்தனார் காகிதத்தை வாங்கி, தலைகீழாகப் பிடித்து, திருப்பி, வெகுநேரம் பார்த்தார்.

"நான் நடிக்கலைன்னு இதுல எழுதியிருக்கா அண்ணி?"

"எழுதியிருக்கு."

"எங்க?"

கம்பியக்கா குனிந்து ஓர் எண்ணின் மேல் விரலை வைத்தார். நாத்தனார் அந்த விரலுக்குப் பக்கத்தில் தன் விரலை வைத்து, அந்த எண்ணைப் படித்தார். பிறகு அழுதார். நேற்று வலியில் ஒரு சொட்டு வடிக்காதவர், ஒரு காகிதத்தை நெஞ்சோடு வைத்துக்கொண்டு அப்படி அழுதார். அழுது முடித்து, மூக்கைத் துடைத்துக்கொண்டு சொன்னார்:

"இந்த ஒன்பது வருஷத்துல நீங்க எனக்குன்னு ஆசையா செஞ்சது அந்த மாத்திரை ஒண்ணுதான் அண்ணி."

 கம்பியக்கா பிஸ்கட் பொட்டலத்தைப் பிரித்து, மூடி, பிரித்து, மூடிக்கொண்டிருந்தார்.

கதைகளில் இந்த இடத்தில் கட்டிப்பிடித்துக்கொள்வார்கள். இங்கே மூன்று வாரம் பேச்சுவார்த்தை இல்லை. அவசியமானால் அண்ணன் மூலமாகச் சேதி போகும். "மத்தளமா இருந்தவன் தபால்பெட்டியாயிட்டேன்" என்றார் வேன்காரர் என்னிடம்.

நாலாவது வாரம் நாத்தனார்தான் முதலில் பேசினார். வீட்டில், பேக்கரிக்கான மாதிரிப் பூ ஒன்றை முயன்றுகொண்டிருந்தார். கிரீம் பையின் நுனியில் ஏதோ கட்டி அடைத்துக்கொண்டது. அமுக்க அமுக்க, கிரீம் பின்பக்கமாகப் பிதுங்கிப் புறங்கையில் வழிந்தது. அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, அடுப்படியில் நின்றவரைப் பார்க்காமல் கேட்டார்: "உள்ள இப்படித்தான் ஆச்சா?"

"கிட்டத்தட்ட. ஆனா உனக்குப் பை இல்ல. வெறும் குழாய். பிதுங்கிப் போகவும் இடம் கிடையாது."

"அப்ப, தாங்கிக்கிட்டது யாரு?"

"நீதான்."

நாத்தனார் நுனியைக் கழற்றிக் கட்டியை எடுத்தார். "ம்" என்றார். அவ்வளவுதான் பேச்சு. ஆனால் அன்று இரவுச் சாப்பாட்டுக்கு இருவரும் ஒரே மேசையில் உட்கார்ந்ததாக வேன்காரர் எனக்குப் படிக்கட்டில் செய்தி சொன்னார், தேர்தல் முடிவு சொல்வது போல.

கம்பியக்காவுக்கு அது போதவில்லை. கூடம் நிறைய ஆட்களை வைத்துக்கொண்டு சொன்னதை, கூடம் நிறைய ஆட்களை வைத்துக்கொண்டுதான் திரும்ப எடுக்க வேண்டும் என்றார். பெரியப்பா, சித்தி, மச்சான் எல்லோரையும் ஒரு ஞாயிறு சாப்பாட்டுக்கு அழைத்தார். என்னையும் கூப்பிட்டார், சாட்சிக்கு. சாப்பாடு முடியும் தறுவாயில் மச்சான் வழக்கம்போல, "என்னம்மா, இன்னைக்குக் கதை எதுவும் இல்லையா?" என்றார். கம்பியக்கா கரண்டியைக் கீழே வைத்தார்.

"அது கதை இல்ல. அவளுக்கு வலிச்சது. நான் குடுத்த மாத்திரையாலதான் வலிச்சது. வலிக்கிறப்போ நடிக்கிறான்னு சொன்னதும் நான்தான். என் வேலையே அந்தத் தசையைப் பார்க்கிறதுதான். என் வீட்ல இருந்ததை நான் பார்க்கல. இனிமே யாரும் அந்த வார்த்தையைச் சொல்லாதீங்க."

 பெரியப்பா தொண்டையைக் கனைத்தார். நாத்தனார் எழுந்து தண்ணீர்ச் சாடியை எடுத்து வந்து, முதலில் அண்ணியின் குவளையை நிரப்பினார். "உக்காருங்க அண்ணி. மச்சானுக்குப் பாவம் சாப்பாடு இறங்கல." மச்சானுக்கு அன்று முழுவதும் இறங்கவில்லை.

ஆஸ்பத்திரியில் இப்போது வலி ஊசி போடுவதற்கு முன் கேட்க வேண்டிய கேள்விகளில் புதிதாக ஒன்று சேர்ந்திருக்கிறது: 'பித்தப்பை எடுத்தவரா?' கம்பியக்கா ஒவ்வொரு மாடியாகப் போய் நச்சரித்துச் சேர்க்க வைத்தது. அவரைக் கண்டால் இளம் டாக்டர்கள் கேட்காமலேயே, "கேட்டுட்டேங்க்கா, கேட்டுட்டேன்" என்று ஒதுங்குகிறார்களாம்.

இந்தக் கட்டுரையில் தசையைப் பற்றித் தப்பாக எதுவும் எழுதிவிடக் கூடாதே என்று போன சனிக்கிழமை மதியம் அவர் வீட்டுக்குப் போனேன். வாசல் கதவை ஒட்டிய நாற்காலியில் கம்பியக்கா உட்கார்ந்து என் காகிதங்களைத் திருத்திக்கொண்டிருந்தார். "முக்கால் லிட்டர்னு அடிச்சுச் சொல்லாதீங்க, ஆளுக்கு ஆள் மாறும், ஏறக்குறையன்னு போடுங்க." அப்போது நாத்தனார் பேக்கரியிலிருந்து வந்தார். செருப்பைக் கழற்றிவிட்டு, "தலை வலிக்குது அண்ணி" என்றார். இரண்டு பேருமே ஒரு கணம் அசையவில்லை.

கம்பியக்கா என் காகிதங்களை என் மடியில் வைத்தார். எழுந்து, தன் நாற்காலியில் நாத்தனாரை உட்கார வைத்தார். உள்ளங்கைகளைச் சூடு வரத் தேய்த்துக்கொண்டு பின்னால் நின்று, இரண்டு பொட்டிலும் கட்டைவிரல்களை வைத்து மெதுவாக அமுக்க ஆரம்பித்தார். நாத்தனார் கண்ணை மூடிக்கொண்டார். அடுத்த பத்தியில் எனக்கு ஒரு சந்தேகம் இருந்தது, கேட்க வாயெடுத்தேன். கம்பியக்கா தலையை மட்டும் ஆட்டி, கண்ணால் வாசலைக் காட்டினார். பேனாவை மூடிக்கொண்டு சத்தமில்லாமல் வெளியே வந்தேன். திரும்பிப் பார்த்தபோது, விரல்களை எடுக்காமலேயே ஒற்றைக்காலில் நின்று, மற்றக் காலை எட்டி நீட்டி, பெருவிரலால் கதவை மெல்லச் சாத்திக்கொண்டிருந்தார்.